நாடாவில் முடிந்த சாவி

"ஏட்டி, இன்னைக்கு என்ன தப்பு பண்ண?"

ஆபீஸ் விட்டு வந்ததும் அம்மா கேட்கிற முதல் கேள்வி இதுதான். அங்கணத்தில் கை கால் கழுவி, முந்தானையால் முகம் துடைத்து, நடையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு கேட்பாள். சாப்பிட்டாயா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். நாளைக்கு ஒரு தப்பாவது சொல்லியாக வேண்டும். ஒன்றுமே பண்ணவில்லை என்றால் நம்ப மாட்டாள். "பிள்ளைன்னா ஒண்ணாவது பண்ணியிருக்கும். யோசி." யோசித்துச் சொல்வேன். தம்பியைக் கிள்ளினேன். சீனி டப்பாவுக்குள் விரலை விட்டேன். பக்கத்து வீட்டு ஆச்சி கூப்பிட்டது காதில் விழாத மாதிரி இருந்தேன். சொன்ன தப்புக்கு அடி கிடையாது என்பது எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம்.

ஆபீஸ் என்றதும் மேசை நாற்காலியை நினைத்துவிட வேண்டாம். கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பெயர் ஆபீஸ். அப்போது எங்கள் ஊர் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது; தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-இல்தான். அம்மாவுக்கு ஆபீசில் பெட்டி அடைக்கிற வேலை. மருந்து முக்கிக் காய்ந்த குச்சியை ஒரு பிடி அள்ளினால் அதில் 50 குச்சி இருக்கும். யாரும் எண்ண மாட்டார்கள், கைக்கே கணக்குத் தெரியும். 144 பெட்டி ஒரு குரோஸ். குரோஸ் கணக்கில்தான் கூலி. ராத்திரியில் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு வீட்டிலும் பெட்டி ஒட்டுவாள். ஒரு சிரட்டையில் மைதாப் பசை இருக்கும். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலந்திருப்பார்கள். பசையே இளநீலமாக, பார்க்க அழகாக இருக்கும். ஒட்டின அடிப்பெட்டிகளைச் சுளகில் பரப்பி மூலையில் காயவைத்துவிட்டு, சிரட்டையை உறியில் ஏற்றிவிட்டுத்தான் படுப்பாள்.

அப்பா லாரியில் போனார். தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்பி வரப் பதினைந்து நாள் ஆகும், இருபது நாளும் ஆகும். ஆகவே பிள்ளைகளை என்ன செய்வது என்பது அம்மா ஒருத்தியின் கவலை. அவளுடைய கவலை மட்டுமில்லை, எங்கள் வளவில் இருந்த எட்டு வீட்டுப் பெண்களில் ஆறு பேருக்கு அதே கவலை. கைப்பிள்ளை என்றால் ஆபீஸ் வாசல் வேப்பமரத்தில் தூளி கட்டிப் போட்டுவிடுவார்கள். பத்து வயதுக்கு மேல் என்றால் கூடவே கூட்டிப்போய் கட்டை அடுக்க உட்கார வைத்துவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பிள்ளையை என்ன செய்ய? 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டம், 30 பெண்களுக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வைத்தாக வேண்டும் என்றது. பிற்பாடு இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கொதித்தது. அப்படி ஒரு அறை அம்மா வேலை பார்த்த ஆபீசில் இல்லை. அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்பதும் அங்கே வேலை பார்த்த ஒருத்திக்கும் தெரியாது.

1981 மே மாதம், முழுப்பரீட்சை லீவில், எனக்கு ஏழு வயது. தம்பிக்கு மூன்று முடியவில்லை. அவனை ஆச்சி வீட்டில் விட்டுவிட்டு, என்னை வீட்டில் விட்டாள் அம்மா. அதுதான் முதல் தடவை. "மில் சங்கு ரெண்டு தரம் ஊதும். ரெண்டாஞ்சங்கு ஊதினதும் நான் வந்துருவேன். நடையைத் தாண்டாத." போய்விட்டாள்.

ஒரு வீடு ஆளில்லாமல் இருக்கும்போது எவ்வளவு சத்தம் போடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஓட்டில் பல்லி ஓடியது. பானை வியர்த்து மணலில் சொட்டியது. காய்கிற பெட்டிகள் தாமாகவே டக் டக் என்று முறுக்கிக்கொண்டன. முதலில் பயமாக இருந்தது. பயம் போனதும் வீடு முழுக்க என்னுடையதாகிவிட்டது. அதுதான் வினையாகிப் போனது. அடுப்பு மாடத்தில் அம்மா வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்தேன். தீப்பெட்டி செய்கிற ஊரில் பிறந்தவளுக்கு அதுவரை ஒரு குச்சி உரசக் கிடைத்ததில்லை. ஒன்று உரசினேன். தலை சீறி, நீலமாகி, மஞ்சளாகி, விரல் வரைக்கும் வந்தது. இரண்டு, மூன்று. நாலாவது விரலைச் சுட, உதறினேன். சுளகில் விழுந்தது.

காய்ந்த மரச்சீவலும் தாளும் எப்படிப் பிடிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குடத்தில் இருந்த நல்ல தண்ணியை அப்படியே தூக்கிக் கவிழ்த்தேன். அணைந்துவிட்டது. முப்பது நாற்பது பெட்டி கருகியிருக்கும். மிச்சமெல்லாம் நனைந்து போனது. அடுத்து நான் செய்த காரியம்தான் இன்றைக்கு நினைத்தாலும் உள்ளுக்குள் என்னவோ செய்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு நிதானம் எங்கிருந்து வந்தது? தரையைத் துணியால் ஒற்றி எடுத்தேன். நனைந்ததை வெயிலில் பரப்பினேன். கருகினதைப் பாவாடையில் அள்ளிக்கொண்டு பின்பக்கம் போனேன். அங்கே வெறும் கரிசல். மே மாதத்தில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். என் கை தோள் வரைக்கும் போகிற வெடிப்புகள் உண்டு. ஒவ்வொரு பெட்டியாக உள்ளே போட்டேன். அடியில் போய் விழுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

சாயங்காலம் அம்மா வாசலில் கால் வைத்ததும் மூக்கை உறிஞ்சினாள். சுளகைப் பார்த்தாள். குடத்தைப் பார்த்தாள். "என்னட்டி?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா. தண்ணி தாகம், குடிச்சிட்டேன்." ஒரு குடத்தையா என்று அவள் கேட்கவில்லை. ராத்திரி பெட்டியை எண்ணினாள். குறைந்தது. அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. நாலு நாள் பொறுத்தாள். நாலு நாளும் நான் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை, "கிளம்பு. ஆபீசுக்குப் போவோம்" என்றாள்.

ஆபீசில் என் வயதுப் பிள்ளைகள் வரிசையாகக் குத்தவைத்துக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கட்டை என்பது மரச்சட்டம். வரிக்கு வரி பள்ளம் வெட்டின பலகைகளில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு குச்சியாக வைத்து, பலகை மேல் பலகை அடுக்கி இறுக்க வேண்டும். அதைத்தான் மருந்தில் முக்குவார்கள். முதல் நாள் அம்மா பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள் கணக்குப்பிள்ளை ஒரு கட்டையை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு என்னைவிட ஒரு வயது கூட இருக்கலாம். அவள் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண் வேறெங்கோ இருக்கும். விரல் மட்டும் மழை பெய்கிற மாதிரி குச்சியை விதைத்துக்கொண்டே போகும். அவளுடைய ஊருக்கு விடியாத இருட்டில் வண்டி வருமாம். பிள்ளைகளைத் தூக்கத்தோடு தூக்கி வண்டியில் ஏற்றிவிடுவார்களாம். "பள்ளிக்கூடம்?" என்று கேட்டேன். கேட்காத சொல்லைக் கேட்டவள் மாதிரி என்னைப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் என் உள்ளங்கையில் சில்லறை விழுந்தது. கடலை மிட்டாய் வாங்கவா, சேர்த்து வைக்கவா என்று வழிநெடுக அதை உருட்டிக்கொண்டே வந்தேன். அம்மா கவனித்துக்கொண்டே வந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் காசை வாங்கி உண்டியலில் போட்டாள். "நாளைக்கு வர வேண்டாம்" என்றாள். ஏன் என்று அழுதேன். "காசு பார்த்த கை அப்புறம் சிலேட்டுப் பிடிக்காதுட்டி." அன்றைக்குத்தான் வெடிப்புக்குள் போட்ட பெட்டிகளைப் பற்றிச் சொன்னேன். ஆபீசுக்கு விட மாட்டாள் என்ற ஏக்கத்தில் சொன்னேனா, மனம் தாங்காமல் சொன்னேனா, தெரியாது. சொன்னதும் அவள் அடிக்கவில்லை. "தீ வச்சதுக்கு ஒண்ணுமில்ல. அணைச்சிட்ட. ஆனா, அத மண்ணுக்குள்ள போட்ட பாத்தியா, அப்படிப்பட்ட பிள்ளைய நான் எப்படி வீட்டுல விட்டுட்டுப் போக?" என்றாள். அடுத்த வாரமே கோடை மழை பெய்தது. கரிசல் ஊறிப் பூரித்து வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டது. மறுநாளிலிருந்து ஆரம்பித்ததுதான் அந்தச் சாயங்காலக் கேள்வி. ஒரு வருடம் நான் ஆச்சி வீட்டில் இருந்தேன், அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

போன மாதம் தம்பி சென்னையிலிருந்து பேசினான். அவன் மகளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் மூன்றரைக்கு விடுகிறது; புருசன் பெண்டாட்டி இருவரும் வீடு திரும்ப ஆறரை ஆகிறது. பார்த்துக்கொண்ட ஆயாம்மா ஊருக்குப் போய்விட்டாராம். "எக்கா, சட்டப்படி எத்தன வயசுல தனியா விடலாம்?" என்றான். சட்டம் வயது சொல்லவில்லை. 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை, அப்படியே கைவிட்டுவிடுகிற எண்ணத்தோடு விட்டுச் செல்வதுதான் குற்றம். முன்பு அது இந்திய தண்டனைச் சட்டத்தின் 317-ஆம் பிரிவு. 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 93-ஆம் பிரிவு. மூன்று மணி நேரம் வீட்டில் இருக்கிற பிள்ளையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இங்கிலாந்திலும் சட்டத்தில் வயது கிடையாது. பிள்ளைக்கு ஆபத்து வரும்படி விட்டால்தான் குற்றம். வயதைச் சொல்லிவிட்டால் நமக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால், ஒன்பது வயதில் வீட்டைக் கட்டிக் காக்கிற பிள்ளையும் உண்டு, பதினாலு வயதில் விட முடியாத பிள்ளையும் உண்டு. "அவ உன்கிட்ட எல்லாத்தையும் சொல்வாளா?" என்று கேட்டேன். "நல்லாப் படிக்கிறாக்கா, பொறுப்பான பிள்ள" என்றான். "அதக் கேக்கல. ஒரு தட்ட உடைச்சா, நீ கேக்காம வந்து சொல்வாளா?" கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "நான் கத்துவேன்க்கா" என்றான். அப்படியென்றால் அவளை விடுவதற்கு முன்னால் சரியாக வேண்டியது யார் என்று அவனுக்கே புரிந்திருக்கும். 1982 மே மாதம் நடந்தது அவனுக்கு ஞாபகமில்லை. அவனுக்கு அப்போது நாலு வயதுகூட ஆகவில்லை.

அந்த மே மாதம் ஆச்சி, மகள் பிரசவத்துக்காகச் சாத்தூர் போய்விட்டாள். எங்கள் ஊரில் வேறொரு சிக்கலும் உண்டு. தண்ணீர். கிணற்றில் ஊறுவது உப்புத் தண்ணி. நல்ல தண்ணி சீவலப்பேரியிலிருந்து, தாமிரபரணியிலிருந்து குழாயில் வர வேண்டும். நாலு நாளைக்கு ஒரு தரம் வரும், வாரத்துக்கு ஒரு தரமும் வரும். வருகிற நேரத்தைத் தெருப்பைப்பைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் ஆள் இல்லையென்றால் தண்ணீர் இல்லை. அந்தக் காலத்தில் கோவில்பட்டியில் எத்தனையோ பிள்ளைகள் தனியாக வீட்டில் இருந்ததற்கு இந்தப் பைப்புத்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். சத்துணவும் அப்போது வரவில்லை, எம்.ஜி.ஆர். அதை ஆரம்பித்தது அந்த வருடம் ஜூலை 1-ஆம் தேதி, முதலில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு. மத்தியானச் சோறும் நானே தம்பிக்குப் போட வேண்டும்.

முதல் நாள் ராத்திரி அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். அடுப்புப் பக்கம் போகக் கூடாது. கஞ்சி பானையில் இருக்கிறது, துவையல் போகணியில் இருக்கிறது. தீப்பெட்டியை அவளே முந்தானையில் முடிந்துகொண்டு போய்விடுவாள். தண்ணி வந்தால் தம்பியையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும், தூங்கினாலும் எழுப்பிக் கூட்டிப்போக வேண்டும். வீட்டைப் பூட்டிச் சாவியை நாடாவில் முடிய வேண்டும். எதுவென்றாலும் பெட்டிக்கடை அண்ணாச்சியிடம் ஓட வேண்டும். எல்லாவற்றையும் என்னைத் திருப்பிச் சொல்ல வைத்தாள். காலையில் கிளம்பும்போது என் பாவாடை நாடாவின் நுனியில் பித்தளைச் சாவியைக் கோத்து இரண்டு முடிச்சுப் போட்டாள். இடுப்பில் அது ஜில்லென்று பட்டது. பகலெல்லாம் சூடேறி, சாயங்காலம் உடம்போடு உடம்பாகிவிடும்.

பத்து நாள் நன்றாகப் போனது. பதினோராம் நாள் அம்மாவுக்கு ஒத்தாசையாகப் பெட்டி ஒட்டி வைத்து அவளைச் சந்தோசப்படுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆட்டுரல் மேல் ஏறி, எட்டி, உறியிலிருந்து பசைச் சிரட்டையை இறக்கினேன். இருபது பெட்டி ஒட்டியிருப்பேன். தம்பி பக்கத்திலேயே தூங்கிப்போனான். அப்போது தெருவில் "தண்ணி வந்துட்டு!" என்று ஒரு சத்தம். அவனை எழுப்பினால் அழுவான், வரிசை போய்விடும். கதவைச் சாத்தி, வெளியே நாதாங்கியை மாட்டிவிட்டு, இரண்டு குடத்தோடு ஓடினேன். சிரட்டை தரையிலேயே இருந்தது.

பைப்படியில் இரண்டு பெண்களுக்குச் சண்டை. ஒருத்தி குடத்தை இன்னொருத்தி நகர்த்திவிட்டாள். அந்தச் சண்டையை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு குடம் நிறைந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாதாங்கியைத் திறந்தபோது அவன் உட்கார்ந்திருந்தான். வாயைச் சுற்றி நீலப் பசை. மோவாயிலிருந்து நூல் மாதிரி நீலமாக வழிந்தது. நான் பார்க்கும்போதே வாந்தி எடுத்தான். அதுவும் நீலம். ஒரு தடவை எடுத்து, மூச்சு வாங்கி, மறுபடியும் எடுத்தான். கூப்பிட்டால் என்னைப் பார்த்தான், ஆனால், அழவில்லை. அவன் அழாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். அண்ணாச்சி ஒன்றும் கேட்கவில்லை. கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு, அவனைச் சைக்கிளின் முன் கம்பியிலும் என்னைப் பின்னாலும் ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு மிதித்தார். "என்ன தின்னான்?" என்று டாக்டரம்மா கேட்டதும், "துத்தம் போட்ட பசை" என்றேன். சிரட்டையில் எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு மிச்சம் என்பதையும் கையால் காட்டினேன். ஒரு வருடமாகத் தப்பைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்த வாய் அது. அந்த இடத்தில் அது தடுமாறவில்லை.

அம்மாவிடம் சொல்லப் போனவரை ஆபீஸ் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். சாயங்காலச் சங்கு ஊதி, கூட்டத்தோடு வெளியே வந்த பிறகுதான் அவளுக்குச் சேதி போனது. நாலு மணி நேரம்! இன்றைக்கும் என்னால் அதை ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

அவள் வந்தபோது தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அபாயம் இல்லை, ராத்திரி இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். அவள் விரலிடுக்கெல்லாம் மருந்து ஒட்டியிருந்தது. பிறகு வராந்தாவுக்கு வந்து தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரல் எழும்பவில்லை.

"ஏட்டி, இன்னைக்கு என்ன தப்பு பண்ண?"

"பசையை எடுத்தேன். ஆட்டுரல்ல ஏறி எடுத்தேன். தம்பிய எழுப்பாமப் போனேன். நாதாங்கி மட்டும் போட்டுட்டுப் போனேன். சண்டையை வேடிக்கை பாத்துட்டு நின்னேன்."

"வேற?"

"ரெண்டு குடந்தாம்மா பிடிச்சேன். அதையும் அங்கனயே விட்டுட்டு வந்துட்டேன்."

அவள் என் தலையை இழுத்து மடியில் அழுத்திக்கொண்டாள். சேலையில் கந்தக வாடை. அவள் வயிறு குலுங்கிக்கொண்டே இருந்ததிலிருந்து அழுகிறாள் என்று தெரிந்துகொண்டேன்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாள் விடியற்காலையில் கண் விழித்தபோது, ஆபீசுக்குப் போகிற சேலையைக் கட்டியிருந்தாள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. என்னையும் கிளம்பச் சொல்வாள், மறுபடி கட்டைக்கு முன்னால் உட்கார வேண்டியதுதான் என்று படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அடுப்படிக்குப் போய் உறியின் கயிற்றை அவிழ்த்தாள். ஒரு முழம் மேலே ஏற்றி இறுக்கிக் கட்டினாள். என்னை எழுப்பி, ஆட்டுரல் மேல் ஏறி நிற்கச் சொன்னாள். கையை நீட்டச் சொன்னாள். எட்டவில்லை. நுனிக்காலில் நிற்கச் சொன்னாள். அப்போதும் எட்டவில்லை.

"இது நான் பண்ணின தப்பு" என்றாள்.

பிறகு என்னைக் கீழே இறக்கி, பாவாடை நாடாவின் நுனியை இழுத்துச் சாவியைக் கோத்து, இரண்டு முடிச்சுப் போட்டாள்.